காய்ச்சல் விட்ட பிறகுதான் வேலை ஆரம்பம்: சுரப்பிக் காய்ச்சலிலிருந்து மீள முழுமையான வழிகாட்டி

கழுத்தின் இரண்டு பக்கமும் எனக்கு நெறி கட்டியபோது வீட்டில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். தலைக்குக் குளித்துவிட்டு ஈரத்தோடு படுத்ததால்தான் என்றார் மாமியார். அலுவலகத்து ஏசி என்றார் கணவர். கொலுப் பெட்டிகளைப் பரணிலிருந்து இறக்கிய அலுப்பு என்று நானே நினைத்துக்கொண்டேன். மூன்றாம் நாள் எச்சில்கூட விழுங்க முடியாமல் போனது. தெருமுனை மருந்துக்கடையில் தொண்டை வலிக்கு ஏதாவது கொடுங்கள் என்று கேட்டு, ஐந்து நாளுக்கு ஆன்டிபயாடிக் வாங்கி வந்தேன். நான்காவது நாள் காலை கண்ணாடியில் பார்த்தால் மார்பிலிருந்து முழங்கைவரை ஒரே சிவப்புத் தடிப்பு. அம்மை வார்த்திருக்கிறது என்று மாமியார் வேப்பிலை பறிக்கவே கிளம்பிவிட்டார்.

அது அம்மை இல்லை. சுரப்பிக் காய்ச்சல். தடிப்பு நான் வாங்கி விழுங்கிய அமாக்ஸிசிலின் செய்த வேலை. காய்ச்சல் இரண்டு வாரத்தில் விட்டது. நான் பழைய ஆளாக மூன்றரை மாதம் ஆயிற்று. அந்த இடைவெளியில் ஒரு தணிக்கை அலுவலகத்தின் அக்டோபர் மாதமும், ஒரு தீபாவளியும், ஆறு வயதுப் பையனும் இருந்தார்கள். முழு ஓய்வெடுங்கள் என்று எல்லோரும் சொன்னார்கள். முழு ஓய்வுக்கு வழியில்லாதவர்கள் என்ன செய்வது என்று யாரும் சொல்லவில்லை. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் நோயைப் பற்றிக் கொஞ்சம். 1889-இல் எமில் ஃபைஃபர் என்ற ஜெர்மானிய மருத்துவர் இதைச் 'சுரப்பிக் காய்ச்சல்' என்று விவரித்தார். பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் இன்றும் அதே பெயர்தான். அமெரிக்காவில் 'மோனோ'. நம் ஊர்ச் சீட்டுகளில் பெரும்பாலும் 'ஈ.பி.வி.' என்று இருக்கும். எப்ஸ்டீன்-பார் வைரஸ் என்பதன் சுருக்கம். 1964-இல் லண்டனில் ஆன்டனி எப்ஸ்டீன், பெர்ட் ஆச்சாங், இவான் பார் மூவரும் இந்த வைரஸைக் கண்டுபிடித்தது ஆப்பிரிக்கக் குழந்தைகளுக்கு வரும் ஒரு தாடைப் புற்றுக்கட்டியில். காய்ச்சலுக்கும் இதற்கும் உறவு உண்டென்று அப்போது தெரியாது. ஃபிலடெல்ஃபியாவில் ஹென்லே தம்பதி அதே வைரஸை ஆராய்ந்துகொண்டிருந்தபோது அவர்களுடைய ஆய்வகப் பணியாளர் ஒருவருக்கே இந்தக் காய்ச்சல் வந்தது. அதற்கு முன் அவர் ரத்தத்தில் இல்லாத, இந்த வைரஸுக்கு எதிரான எதிர்ப்பொருள் (ஆன்டிபாடி) பிறகு இருந்தது. 1968-இல் முடிச்சு அவிழ்ந்தது.

உலகில் வயதுவந்தவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் இந்த வைரஸ் ஏற்கெனவே தொற்றியிருக்கும். எச்சில் வழியாகப் பரவுவது. ஒரே தட்டில் ஊட்டி வளர்க்கும் நம் வீடுகளில் பெரும்பாலான குழந்தைகளுக்குச் சின்ன வயதிலேயே வந்து, சாதாரணச் சளிக்காய்ச்சல்போலப் போய்விடும். அப்போது தப்பித்தவர்களைப் பதின்வயதிலோ இருபதுகளிலோ பிடித்தால்தான் இந்தப் பாடு. காரணம், நெறியும் அசதியும் பெரும்பாலும் வைரஸ் நேரடியாகச் செய்வதல்ல. அதை எதிர்த்து நம் வெள்ளையணுக்கள் நடத்தும் சண்டையின் விளைவு. வளர்ந்த உடம்பு அதிக ஆவேசத்தோடு சண்டை போடுகிறது. எனக்கு அப்போது முப்பத்தொன்று.

யாரிடமிருந்து வந்தது என்று துப்பறிய வேண்டாம். தொற்றியதற்கும் காய்ச்சல் வருவதற்கும் இடையே நான்கு முதல் ஆறு வாரம் ஆகிவிடும்.

படி 1: நோயின் பெயரை உறுதி செய்துகொள்ளுங்கள்

மழைக்காலத்துச் சென்னையில் காய்ச்சல் என்றால் டெங்கு, டைபாய்டு என்றுதான் பரிசோதனை தொடங்கும். தொடங்கவும் வேண்டும். சுரப்பிக் காய்ச்சலிலும் தட்டணுக்கள் சற்றுக் குறையலாம், கல்லீரல் நொதிகள் ஏறலாம். ஆகவே ஒன்றை இன்னொன்றாக நினைக்க இடமுண்டு. துப்பு கிடைப்பது சாதாரண ரத்த எண்ணிக்கையில்தான்: வெள்ளையணுக்களில் லிம்போசைட்டுகள் பாதிக்கு மேல் இருக்கும், கண்ணாடித் தகட்டில் பார்த்தால் வழக்கமில்லாத வடிவத்தில் பெரிதாகத் தெரியும்.

அடுத்து 'மோனோஸ்பாட்' என்ற விரைவுச் சோதனை. இதில் ஒரு சிக்கல் உண்டு. முதல் வாரத்தில் எடுத்தால் நோய் இருந்தும் நான்கில் ஒருவருக்குவரை 'இல்லை' என்று காட்டக்கூடும். சந்தேகம் தீராவிட்டால் டாக்டர் வைரஸுக்கு எதிரான எதிர்ப்பொருள்களைத் தனித்தனியாகப் பார்க்கச் சொல்வார். அதில் வி.சி.ஏ. ஐ.ஜி.எம். இருந்தால் இப்போதைய தொற்று. ஈ.பி.என்.ஏ. ஐ.ஜி.ஜி. இருந்தால் அது பழைய கதை; இந்தக் காய்ச்சலுக்கு வேறு காரணம் தேட வேண்டும்.

இரண்டு விஷயத்தில் மனம் கோணாதீர்கள். கழுத்தில் கட்டி என்றால் காசநோய் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். நம் நாட்டில் அது நியாயமான சந்தேகம். எச்.ஐ.வி. சோதனையும் கேட்கலாம், அந்தத் தொற்றின் ஆரம்பக் காய்ச்சல் அச்சாக இதைப்போலவே இருக்கும். டாக்டர் உங்கள் ஒழுக்கத்தை விசாரிக்கவில்லை, பட்டியலில் இருப்பதை ஒவ்வொன்றாக அடிக்கிறார், அவ்வளவுதான்.

படி 2: மருந்துப் பெட்டியைச் சோதியுங்கள்

இந்த நோய்க்குத் தனி மருந்து கிடையாது. இதைக் கேட்டதும் சிலர் வேறு டாக்டரைத் தேடிப் போகிறார்கள். வேண்டாம். வைரஸை விரட்டும் மாத்திரைகள் நோயின் போக்கை மாற்றுவதாகத் தெரியவில்லை. ஸ்டீராய்டு, தொண்டை வீங்கி மூச்சுக்குழலை அடைக்கும் அளவுக்குப் போனால் மருத்துவமனையில் கொடுப்பது. ஒரே ஊசியில் தெம்பு வருகிறது என்பதற்காகப் போட்டுக்கொள்வதல்ல.

ஆன்டிபயாடிக் வைரஸை ஒன்றும் செய்யாது. அமாக்ஸிசிலின், ஆம்பிசிலின் இரண்டும் இந்தக் காய்ச்சலில் உடம்பெங்கும் தடிப்பை வரவழைப்பதில் பேர்போனவை. அப்படி வந்துவிட்டால் வாழ்நாள் முழுக்கப் பென்சிலின் ஒவ்வாமை என்று உங்கள் பெயருக்குப் பக்கத்தில் எழுதிவிட வேண்டியதில்லை. பெரும்பாலும் இந்த நோயோடு போகிற தடிப்பு அது. ஆனால் முடிவைச் சொல்ல வேண்டியவர் டாக்டர். தொண்டையில் பாக்டீரியாவும் சேர்ந்திருந்தால் அவர் வேறு மருந்து தேர்ந்தெடுப்பார்.

காய்ச்சலுக்கும் வலிக்கும் பாராசிட்டமால் போதும். பெரியவர்களுக்கு 24 மணி நேரத்தில் 4 கிராமைத் தாண்டக்கூடாது. 650 மில்லிகிராம் மாத்திரை என்றால் ஆறு. கல்லீரல் நொதிகள் ஏறியிருந்தால் டாக்டர் இன்னும் குறைப்பார். சளி மாத்திரைகள் பலவற்றிலும் பாராசிட்டமால் ஒளிந்திருக்கிறது. அட்டையின் பின்பக்கத்தைப் படியுங்கள், இரண்டையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். டெங்கு இல்லை என்று உறுதியாகும்வரை இபுப்ரோஃபென், ஆஸ்பிரின் பக்கம் போகாதீர்கள். பதினாறு வயதுக்குக் கீழே ஆஸ்பிரின் எந்த நிலையிலும் வேண்டாம்.

அடுத்தது நம் வீடுகளின் தனிப் பிரச்சினை. எனக்கு லேசாகக் கண் மஞ்சளித்தது. அன்று மாலைக்குள் கீழாநெல்லி, பப்பாளி இலைச் சாறு, யாரோ கொடுத்தனுப்பிய பெயர் தெரியாத சூரணம் என்று மேசை நிறைந்துவிட்டது. கல்லீரல் ஏற்கெனவே வீங்கிக் கிடக்கும்போது என்ன இருக்கிறதென்று தெரியாத எதையும் அதன் தலையில் ஏற்றக்கூடாது. மறுத்தால் மனம் வருந்துவார்கள். "டாக்டர் ஒரு மாதம் எதையும் சேர்க்கக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார் அத்தை" என்று பழியை அவர்மேல் போட்டேன். வேலை செய்தது. மது குடிப்பவர்கள் கல்லீரல் சோதனை சீராகும்வரை நிறுத்திவிட வேண்டும்.

படி 3: முதல் இரண்டு வாரம்

இதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. உடம்பே உங்களைப் படுக்க வைத்துவிடும். வெதுவெதுப்பான உப்புநீரில் அடிக்கடி தொண்டையைக் கொப்பளியுங்கள். இறங்குவதைச் சாப்பிடுங்கள்: குழைந்த ரசம் சாதம், மோர்க்கஞ்சி, இட்லியைப் பாலில் ஊறவைத்து, இளநீர். காரம் வேண்டாம். எனக்கு ஆறாம் நாள் ஐஸ்கிரீம் ஒன்றுதான் இறங்கியது, காய்ச்சலில் ஐஸ்கிரீமா என்று வீடே அதிர்ந்தது. தொண்டை மரத்துக் கொஞ்சம் சாப்பிட முடிந்தால் நல்லதுதான்.

சிறுநீர் அடர் மஞ்சளாகி அளவும் குறைந்துபோனால் தண்ணீர் போதவில்லை என்று பொருள். தண்ணீரே இறங்கவில்லை, வாயிலிருந்து எச்சில் வடிகிறது, மூச்சு விடும்போது சத்தம் வருகிறது என்றால் காத்திருக்காதீர்கள், 108-ஐ அழையுங்கள். தாங்க முடியாத தலைவலியும் கழுத்து விறைப்பும், குழப்பமான பேச்சு, முகம் ஒரு பக்கம் கோணுதல் இவையும் அப்படியே.

படுத்தே கிடக்க வேண்டும் என்பதும் இல்லை. எழுந்து நடமாடத் தெம்பிருந்தால் வீட்டுக்குள் நடமாடுங்கள். கட்டாயப் படுக்கை குணத்தை விரைவாக்குவதில்லை.

படி 4: மண்ணீரலைக் காப்பாற்றுங்கள்

இந்த நோயில் உயிருக்கு நேரடி ஆபத்து என்று ஒன்றைச் சொன்னால் இதைத்தான் சொல்வேன். இடப்பக்கம், விலா எலும்புக்கு அடியில் இருக்கும் மண்ணீரல் பாதிப் பேருக்காவது வீங்கும். வீங்கிய மண்ணீரல் மெலிதானது. அடிபட்டாலோ திடீரென்று வயிற்றில் அழுத்தம் ஏறினாலோ கிழியலாம். அது நடப்பது மிக அரிது, ஆயிரத்தில் ஒருவர் முதல் ஐவர் என்ற அளவில்தான். ஆனால் நடந்தால் உள்ளே ரத்தம் கொட்டும். பெரும்பாலும் முதல் மூன்று, நான்கு வாரங்களுக்குள்.

வெளிநாட்டுக் கையேடுகளில் ரக்பி ஆடாதீர்கள் என்று எழுதியிருக்கும். நம் வாழ்க்கைக்கு அதை இப்படிப் பெயர்த்துக்கொள்ளலாம்: குறைந்தது ஒரு மாதத்துக்கு இருபது லிட்டர் தண்ணீர் கேனைத் தூக்கிக் கவிழ்க்கக்கூடாது. எரிவாயு உருளையை நகர்த்தக்கூடாது. குழந்தையை இடுப்பில் ஏற்றக்கூடாது. ஓடிவந்து வயிற்றில் மோதும் வயதுக் குழந்தை என்றால் உட்கார்ந்தே கட்டிக்கொள்ளுங்கள். கபடி, கால்பந்து, உடற்பயிற்சிக் கூடத்து எடை எதுவும் கூடாது. இருசக்கர வண்டியில் விழுந்தால் கைப்பிடி குத்துவது சரியாக அந்த இடத்தில்தான். கழிப்பறையில் முக்காமல் இருக்கப் பழமும் கீரையும் தண்ணீரும் சேருங்கள். வீக்கம் இருக்கிறதா என்று நீங்களே அழுத்திப் பார்க்க வேண்டாம், பக்கத்து வீட்டுக்காரரை அழுத்த விடவும் வேண்டாம்.

இட மேல்வயிற்றில் திடீரென்று கூர்மையான வலி, இடத் தோளின் நுனியில் காரணமில்லாத வலி, தலை கிறுகிறுத்து வியர்த்துக் கொட்டுவது, மயக்கம்: உடனே மருத்துவமனை. போனதும் சுரப்பிக் காய்ச்சல் இருக்கிறது, மண்ணீரல் வலிக்கிறது என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள். தோள் வலி என்று மட்டும் சொன்னால் வரிசையில் உட்கார வைத்துவிடுவார்கள்.

படி 5: அலுவலகத்தில் எப்படிச் சொல்வது

நான் செய்த தவறு, காய்ச்சல் சார், திங்கட்கிழமை வந்துவிடுவேன் என்று சொன்னது. அந்தத் திங்களும் அதற்கடுத்த திங்களும் போயின. ஒவ்வொரு முறை தவணை கேட்கும்போதும் நான் பொய் சொல்வதுபோல ஆனது. வருமான வரித் தாக்கல்கள் அக்டோபர் இறுதிக்குள் போக வேண்டிய நேரத்தில் எந்த மேலாளருக்கும் கோபம் வரும்.

முதல் நாளே முழுக் கணக்கைச் சொல்லிவிடுவதுதான் சரி. இப்படி: "எனக்கு வந்திருப்பது வைரஸ் காய்ச்சல்தான், ஆனால் இந்த வகைக்கு இரண்டு வாரம் முழு விடுப்பு தேவைப்படும். அதன்பிறகு சில வாரங்கள் அரை நாள் வேலைதான் முடியும். எந்தக் கோப்புகளை இப்போதே மாற்றிவிடலாம் என்று பட்டியல் அனுப்புகிறேன்." பட்டியல் முக்கியம். எப்போது வருவாய் என்ற கேள்வி, எதை யாரிடம் கொடுப்பது என்று மாறிவிடும்.

மருத்துவச் சான்றிதழில் வெறும் காய்ச்சல் என்று எழுதி வாங்காதீர்கள். நோயின் பெயரும், ஒரு மாதத்துக்கு எடை தூக்கக்கூடாது என்பதும், படிப்படியாக வேலைக்குத் திரும்ப வேண்டும் என்பதும் அதில் இருக்கட்டும். இ.எஸ்.ஐ. வரம்புக்குள், அதாவது மாதச் சம்பளம் 21,000 ரூபாய்வரை உள்ளவர்கள், சந்தா நிபந்தனைகள் பூர்த்தியாகியிருந்தால் ஆண்டுக்கு 91 நாள்வரை சம்பளத்தில் 70 விழுக்காடு நோய்க்கால உதவி பெறலாம். அதற்கு இ.எஸ்.ஐ. மருத்துவரின் சான்று தேவை. எனவே தனியார் மருத்துவரிடம் பார்த்துக்கொண்டிருந்தாலும் ஆரம்பத்திலேயே அங்கே பதிந்துவிடுங்கள். கல்லூரி மாணவர்கள் துறைத் தலைவருக்கு எழுத்தில் கொடுத்து வருகைப் பதிவுக் குறைவுக்கு முன்கூட்டியே விலக்குக் கேளுங்கள். தேர்வு நுழைவுச்சீட்டு வாங்கும் நாளில் ஓடுவது உங்களால் ஆகாது.

படி 6: வீட்டில்

தனி அறை, தனிப் போர்வை என்று ஒதுங்க வேண்டியதில்லை. வீட்டுப் பெரியவர்களுக்கு அநேகமாக எப்போதோ வந்து போயிருக்கும். எச்சில் விஷயத்தில் மட்டும் கவனம்: டம்ளர், கரண்டி, பல்துலக்கி தனியாக இருக்கட்டும். அண்ணாந்து குடிக்கும் நம் வழக்கத்தை இந்த வைரஸுக்காகவே கண்டுபிடித்தார்களோ என்று அப்போது தோன்றியது. குணமான பிறகும் மாதக்கணக்கில் எச்சிலில் வைரஸ் வரும் என்பதால் என்றைக்குத் தொற்று தீரும் என்று நாள் குறிக்க முடியாது. அதனால்தான் அலுவலகத்தையோ பள்ளியையோ இதற்காகத் தவிர்க்கும்படி பொதுவாகச் சொல்வதில்லை. வீட்டில் உறுப்பு மாற்று செய்துகொண்டவர், புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர் இருந்தால் மட்டும் டாக்டரிடம் தனியாகக் கேளுங்கள்.

வேலைப் பங்கீட்டுக்கு வருவோம். உதவி செய்யவா என்று கேட்பவரிடம் பரவாயில்லை என்று சொல்லும் பழக்கம் நம் பெண்களுக்கு ஊறியது. அதை ஒரு மாதம் விட்டுவிடுங்கள். பொதுவாக உதவி கேட்டால் யாருக்கும் என்ன செய்வதென்று தெரியாது. பெயர் போட்டுக் கேளுங்கள். கணவருக்குக் காலைச் சமையலும் பையனைப் பள்ளியில் விடுவதும். கொழுந்தனுக்குத் தண்ணீர் கேன். எதிர்வீட்டு அக்கா கடைக்குப் போகும்போது நமக்கும் காய்கறி. மாலையில் பையனுக்கு வீட்டுப்பாடம் சொல்லிக்கொடுப்பதை நான் படுத்துக்கொண்டே செய்தேன், அவன் தரையில் உட்கார்ந்து எழுதுவான். இட்லி மாவைக் கடையில் வாங்கினோம். மாமியார் இரண்டு நாள் பேசவில்லை, மூன்றாம் நாள் அவரே வாங்கி வந்தார்.

பார்க்க வரும் சொந்தக்காரர்கள் தனிக் கணக்கு. பழம் வாங்கிக்கொண்டு வருவார்கள், இரண்டு மணி நேரம் உட்காருவார்கள். அவர்கள் போனதும் நான் ஒரு பகல் முழுக்கத் தூங்கினேன். பேசுவதும் உழைப்புதான் என்று அன்றுதான் புரிந்தது.

படி 7: நல்ல நாளில் ஏமாறாதீர்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் படிக்க நேரமிருந்தால் இதைப் படியுங்கள்.

காய்ச்சல் விட்டு ஒரு வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை. தீபாவளிக்கு மூன்று நாள் இருந்தது. காலையில் எழுந்தபோது உடம்பு லேசாக இருந்தது. ஆயிற்று, சரியாகிவிட்டது என்று தி. நகருக்குக் கிளம்பினேன். உஸ்மான் சாலை நெரிசலில் நான்கு கடை ஏறி இறங்கினேன். வீட்டுக்கு வந்து ரிப்பன் பக்கோடாவும் பிழிந்தேன். ஞாயிறு ஒன்றுமில்லை, நான்தான் சொன்னேனே என்று எல்லோரிடமும் பெருமை வேறு. திங்கள் காலை தலையணையிலிருந்து தலையைத் தூக்க முடியவில்லை. தொண்டை மறுபடி வலித்தது, கை கால் ஈயம் ஊற்றியதுபோலக் கனத்தது. தீபாவளி அன்று பட்டாசுச் சத்தத்தைப் படுக்கையில் கிடந்தபடி கேட்டேன். அந்தச் சனிக்கிழமை எனக்குப் பத்து நாளைத் தின்றது.

தண்டனை உடனே வருவதில்லை, ஒரு நாளோ இரண்டு நாளோ கழித்து வருகிறது. இதுதான் இந்த அசதியின் சூது. செய்யும்போது உடம்பு எச்சரிக்காது. எனவே இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்டு வேலை செய்யக்கூடாது. முந்தாநாள் செய்ததற்கு இன்று எப்படி இருக்கிறது என்று கேட்க வேண்டும்.

நான் கடைப்பிடித்த முறை இது. பையனின் பழைய நோட்டு ஒன்றை எடுத்தேன். ஒரு நாளைக்குக் கையில் பத்து ரூபாய்தான் என்று வைத்துக்கொண்டேன். தலைக்குக் குளித்தால் இரண்டு. ஒரு வேளைச் சமையல் இரண்டு. தொலைபேசியில் அரை மணி நேரம் ஒன்று. கணினியில் ஒரு மணி நேரம் இரண்டு. பஸ்ஸில் நின்றுகொண்டே போனால் நான்கு. அதே தூரம் உட்கார்ந்து போனால் இரண்டு. சண்டை ஒன்றுக்கு ஐந்து, யாரோடு என்பதைப் பொறுத்து. இந்த விலை உங்களுக்கு வேறாக இருக்கும், ஒரு வாரம் எழுதினால் தெரிந்துவிடும்.

மோசமான நாளில் பத்து ரூபாய்க்குக் குறைவாகச் செலவாகும், அது தானாக நடக்கும். நல்ல நாளில் இருபது செலவழிக்கக் கை துறுதுறுக்கும். அங்கேதான் பிடிக்க வேண்டும். நல்ல நாளிலும் பத்துதான். மூன்று நாள் தொடர்ந்து பத்து ரூபாய் செலவழித்தும் பின்விளைவு இல்லையென்றால் நான்காம் நாள் பதினொன்று. சரிவு வந்தால் ஏழுக்கு இறங்கி மறுபடி.

களைத்த பிறகு ஓய்வெடுப்பதைவிட, களைக்கும் முன்பே எடுப்பது மலிவு. பதினொரு மணிக்கும் மூன்று மணிக்கும் இருபது நிமிடம் கண்ணை மூடிப் படுத்தேன், தேவைப்பட்டாலும் படாவிட்டாலும். கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு படுப்பது ஓய்வாகக் கணக்கில் வராது. பகலில் மணிக்கணக்கில் தூங்கினால் இரவு போய்விடும். காய்ச்சல் விட்ட பிறகு பகல் தூக்கத்தை ஒரு மணி நேரத்துக்குள் வையுங்கள், காலையில் ஒரே நேரத்தில் எழுந்திருங்கள். நின்று செய்வதை உட்கார்ந்து செய்யுங்கள்: காய் நறுக்குவது, துணி மடிப்பது, குளிப்பதுகூட. குளியலறையில் ஒரு பிளாஸ்டிக் முக்காலி போட்டது நான் செய்த புத்திசாலித்தனமான காரியங்களில் ஒன்று.

படி 8: வேலைக்குத் திரும்புவது

திங்கட்கிழமை தொடங்காதீர்கள். புதன் அல்லது வியாழன் தொடங்கினால் இரண்டு நாளில் வார இறுதி வந்து காப்பாற்றும். முதல் வாரம் அரை நாள். அதிலும் பாதி வீட்டிலிருந்து முடியுமா என்று கேளுங்கள். நெரிசல் நேரத்துக்குப் பிறகு கிளம்பி, நெரிசலுக்கு முன் திரும்புகிற நேரம் வாங்குங்கள். எனக்குப் பத்தரை முதல் இரண்டரை கிடைத்தது. வேலையைவிடப் பயணம்தான் ஆளைத் தின்கிறது.

மூளைக்கும் பனி மூடியிருக்கும். எனக்குத் தெரிந்த வரிப் பிரிவு எண்கள் மறந்தன, ஒரே பற்று வரவுப் பத்தியை நான்கு முறை கூட்டி நான்கு விடை வந்தது. புத்தி மழுங்கிவிட்டதோ என்று பயந்தேன். மழுங்கவில்லை, அதுவும் அசதிதான், அதோடு சேர்ந்தே விலகும். அதுவரை கடினமான கணக்கைக் காலையில் வையுங்கள், கையெழுத்துப் போகும் எதையும் இன்னொருவர் ஒருமுறை பார்க்கட்டும். மெலிந்த முகம்கூட இல்லாமல், பார்க்க நன்றாகத்தான் இருக்கிறாய் என்று சொல்வார்கள். பதில் சொல்ல ஒரு ரூபாய்கூடச் செலவழிக்காதீர்கள்.

படி 9: உடற்பயிற்சி

முதல் மூன்று, நான்கு வாரம் கடுமையாக எதுவும் வேண்டாம். பிறகு நடை: சமதரையில் ஐந்து நிமிடம், இரண்டு நாள் கழித்து உடம்பைக் கேட்டு ஏழு. மோதல் உள்ள விளையாட்டுக்கும் எடைக்கும் டாக்டர் வயிற்றைப் பார்த்துச் சம்மதம் சொல்ல வேண்டும்.

விளையாட்டுக்காரர்கள் இந்த இடத்தில்தான் பொறுமை இழக்கிறார்கள். 2009-இல் பிரெஞ்ச் ஓப்பன் டென்னிஸில் நடாலை முதன்முதலாக வீழ்த்திய ஸ்வீடன் வீரர் ராபின் சோடர்லிங், 2011 ஜூலையில் சொந்த நாட்டில் ஒரு பட்டம் வென்றார். அதோடு சரி, இந்த நோய் பிடித்த பிறகு தொழில்முறைச் சுற்றில் அவர் ஆடவே இல்லை, 2015 டிசம்பரில் ஓய்வை அறிவித்தார். ரோஜர் ஃபெடரருக்கும் 2008 தொடக்கத்தில் இதே நோய். அவர் அதே ஆண்டு செப்டம்பரில் அமெரிக்க ஓப்பனை வென்றார். யார் எந்தப் பக்கம் போவார்கள் என்று முன்கூட்டிச் சொல்ல முடிவதில்லை என்பதற்காகத்தான் இரண்டையும் சொல்கிறேன்.

படி 10: மாதங்கள் கடந்தும் அசதி போகாவிட்டால்

ஆஸ்திரேலியாவின் டப்போ வட்டாரத்தில் இந்த வைரஸ் உள்பட மூன்று தொற்றுகளில் ஏதோ ஒன்று வந்த 253 பேரைத் தொடர்ந்து கவனித்து 2006-இல் ஓர் ஆய்வு வெளியானது. ஆறு மாதத்தில் நூற்றுக்குப் பன்னிரண்டு பேருக்கு முடக்கும் அசதி நீடித்தது. யாருக்கு நீடிக்கும் என்பதைத் தீர்மானித்தது ஆரம்ப நோயின் கடுமைதான். அவர்களுடைய மனநிலையோ குணமோ அல்ல. சோம்பேறித்தனம், மனசுதான் காரணம் என்று சொல்பவர்களுக்கு இதைச் சொல்லுங்கள், அல்லது படி 8-இல் சொன்னபடி ஒரு ரூபாயை மிச்சம் பிடியுங்கள்.

மூன்று மாதம் ஆகியும் முன்னேற்றமில்லை என்றால் எல்லாவற்றையும் இந்த நோயின் கணக்கில் எழுதாமல் டாக்டரிடம் போய் ஹீமோகுளோபின், இரும்பு, தைராய்டு, பி12, சர்க்கரை, கல்லீரல் பார்க்கச் சொல்லுங்கள். எனக்கு ரத்தசோகையும் கூட இருந்தது. சரிசெய்ததும் அசதியின் பாரம் பாதி இறங்கியது. நெறி நான்கு வாரத்துக்குப் பிறகும் குறையாமல் பெரிதாவது, கல்போலக் கெட்டியாக இருப்பது, இரவில் உடை நனைய வியர்ப்பது, காரணமில்லாமல் எடை குறைவது இவற்றுக்கு மூன்று மாதம் காத்திருக்க வேண்டாம். வாரக்கணக்கில் எதிலும் பிடிப்பில்லாமல் அழுகை வந்தால் அதையும் வெட்கப்படாமல் சொல்லுங்கள். அசதி ஆறு மாதம் நீடித்தால், நாள்பட்ட சோர்வு நோயை அறிந்த மருத்துவரைத் தேடுங்கள். கொஞ்சம் கொஞ்சமாக உடற்பயிற்சியைக் கூட்டிக்கொண்டே போனால் சரியாகிவிடும் என்று முன்பு சொல்லப்பட்ட முறையைப் பிரிட்டனின் அரசு வழிகாட்டுதல் 2021-இல் இந்த நோய்க்குக் கைவிட்டுவிட்டது.

குணமாகிவிட்டதா என்று பார்க்க வைரஸ் சோதனையை மறுபடி எடுப்பது வீண் செலவு. ஐ.ஜி.ஜி. எதிர்ப்பொருள் ஆயுள் முழுக்க இருக்கும். வைரஸும் உள்ளே தூங்கிக்கொண்டுதான் இருக்கும். சோதனைத் தாளைவிட நோட்டு நன்றாகச் சொல்லும்.

என் நோட்டு பொங்கலோடு முடிகிறது. போகிக்கு முந்தைய நாள் தண்ணீர்க்காரர் கேனை வாசலில் வைத்துவிட்டுப் போய்விட்டார், வீட்டில் யாரும் இல்லை. கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு தூக்கிக்கொண்டு போய்க் கவிழ்த்தேன். அன்றைய பக்கத்தில் 'கேன், 1' என்று இருக்கிறது, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி. மறுநாள் கட்டத்தில் 'வழக்கம்போல்'. அதற்கு மறுநாளும் 'வழக்கம்போல்'. அடுத்த பக்கத்தில் பையன் விமானம் வரைந்திருக்கிறான்.